ரத்தம் ஏறிவிட்டது என்று நான் சொன்ன காலை

நீலசந்திரா நற்பணி மன்றத்தின் இந்த நிறைந்த சபையிலே நடுநாயகமாக வீற்றிருக்கும் அவைத்தலைவர், ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளியிலே ஆயிரம் பிள்ளைகளுக்கு அறிவூட்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஐயா ரெமிஜியஸ் அவர்களே. மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, சாமந்தி மாலை போட்டதும் மூன்று தும்மல் போட்ட எங்கள் குழந்தை மருத்துவர் பாலசுப்ரமணியன் அவர்களே. காய்ச்சல் காலத்திலே கதவைச் சாத்திக்கொள்ளாமல், பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்து ஊசிக்கு நீட்டிக் கொடுத்த தாய்மார்களே. வாரம் ஆறு நாள் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டி, மிச்சமிருந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இந்தப் பந்தலுக்குக் கொடுத்த சகோதரிகளே. பெயின்ட் வாசனை போகாத கையோடு வந்திருக்கும் தம்பிமார்களே. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, ஒரு கண் என் மேலும் ஒரு கண் ஆட்டோ மேலும் வைத்திருக்கும் அன்பர்களே. அழைப்பிதழ் இல்லாமலே வந்து, முன் வரிசையிலே இடம் பிடித்திருக்கும் கொசுக்களே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த விழாவுக்கே அவைதானே காரணம்? விட்டுவிட்டுப் பேசினால் மரியாதையாக இருக்காது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். கடைசி வரிசையிலே, பந்தல் காலுக்குப் பக்கத்திலே, மடக்கு நாற்காலியிலே, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிற வேதநாயகி அம்மா அவர்களே. அம்மா, எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். இந்த ஒரு நாள் மட்டும் இந்தக் கிழவன் சொன்னதைக் கேட்டு உட்காருங்கள். அம்மாவுக்கும் உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த மாலை வணக்கம்.

என் பெயர் முனிகிருஷ்ணன். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி லேபிலே அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரத்தக் குழாயைக் கழுவியவன், காய வைத்தவன், அடுக்கியவன். எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். சிவாஜிநகர் பஸ் எது, மார்க்கெட் பஸ் எது என்று நின்று நின்று கற்ற எண். எழுத்து இல்லாதவனுக்கு எழுதி வைக்க இடமில்லை. ஆகவே எல்லாவற்றையும் இங்கே, இந்த நரைத்த மண்டைக்குள்ளே வைத்துக்கொண்டேன். அங்கே யார் சிரிப்பது? ரவிக்குமாரா? உன் கல்யாணத்திலே பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது எந்தப் பந்தியில் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லட்டுமா? இரண்டாம் பந்தி. உட்கார் தம்பி.

இந்த விழா எதற்கு? டெங்கு என்னும் காய்ச்சல் வந்தால், பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பிள்ளைகள் தானாகத் தேறிவிடும். ஒன்று திடீரென்று விழும். விழப்போகும் அந்த ஒன்று எது என்று, அது விழுவதற்கு முன்னாலேயே, அதன் ரத்தம் நமக்குச் சொல்லுமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நம் டாக்டரய்யா நாலு மழைக்காலம் ஆராய்ந்தார். நம் தெருக்களிலிருந்து இருநூற்றுப் பதினேழு பிள்ளைகள் ரத்தம் கொடுத்தார்கள். அந்த வேலை நல்லபடியாக முடிந்தது. அதற்கு நன்றி சொல்ல இந்தப் பந்தல். வீடு வீடாகப் போய் உங்களிடம் பேசியவன் நான் என்பதால் எனக்கு இந்தப் பொன்னாடை. இதை நான் இன்னும் போர்த்திக்கொள்ளவில்லை, கவனித்தீர்களா? மடித்துக் கையிலேயே வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. சொல்கிறேன். சொல்லத்தான் வந்தேன்.

அன்பர்களே, நம் பகுதியிலே பெரிய வியாதி எது? எந்த வீட்டிலே எந்தத் தாயைக் கேட்டாலும் ஒரே பதில்: "ரத்தம் இல்லை." பிள்ளைக்கு ரத்தம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் இல்லை. பீட்ரூட் வாங்கு என்பார்கள். பேரீச்சம்பழம் வாங்கு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலே ஆட்டு மண்ணீரலுக்கு, அதுதான் சுவரொட்டிக்கு, நம் தாய்மார்கள் போடுகிற சண்டையை நான் பார்த்திருக்கிறேன். எதற்காக? ரத்தம் ஊற வேண்டும் என்பதற்காக. ஆகவே நம் காதுக்கு மிக இனிப்பான வாக்கியம் எது? "ரத்தம் ஏறியிருக்கு." இதைக் கேட்டால் நம் முகம் மலரும். மனம் குளிரும். பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்படுவாள்.

அந்த இனிப்பான வாக்கியத்தால் ஒரு குழந்தையை நான் சாவின் வாசல்வரை அனுப்பினேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தக் குழாயை உங்களுக்குக் காட்ட வேண்டும். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமனான கண்ணாடிக் குழாய். கீழிருந்து மேல்வரை நூறு கோடு. பிள்ளையின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அதில் நிரப்பி, சுற்றுகிற மெஷினில் வைத்தால் அரை மணி நேரம் கிறுகிறுவென்று சுற்றும். நின்றதும் எடுத்துப் பார்த்தால், சிவப்பு கீழே அடங்கியிருக்கும். வெளுத்த மஞ்சள் நீர் மேலே தெளிந்து நிற்கும். சிவப்பு எத்தனையாவது கோடுவரை வந்திருக்கிறதோ, அதுதான் கணக்கு. நம் தெருப் பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்துநாலு. தாய்மார்களுக்கு முப்பதைத் தாண்டினாலே அதிசயம். இதைப் பார்த்து எழுத வேண்டியவர் லேப் டெக்னீஷியன் வேதநாயகி அம்மா. நான் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? எந்தக் கட்டில் பிள்ளைக்கு எத்தனை கோடு என்று தினமும் பார்ப்பேன். பார்த்தது மறக்காது.

தொண்ணூற்றெட்டாம் வருடம். தசரா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். தெருவெல்லாம் மழைத்தண்ணீர், வீடெல்லாம் காய்ச்சல். வார்டிலே கட்டிலுக்கு இரண்டு பிள்ளை, தரையிலே மூன்று பிள்ளை. அதிலே ஒன்று நம் ஷோபா. இந்தச் சபையிலே முன் வரிசையிலே இருக்கிற யசோதாவின் மகள். சற்று முன்னால் சிரித்துப் பாயசக் கதையில் மாட்டிக்கொண்டானே, அந்த பெயின்டர் ரவிக்குமாரின் மகள். அப்போது வயது ஒன்பது. இன்று பதினேழு, பி.யூ.சி. இரண்டாம் வருடம் படிக்கிறாள். அன்று ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் குழாயில் சிவப்பு முப்பத்துநாலு. புதன்கிழமை முப்பத்தாறு. வியாழக்கிழமை காலை மெஷின் நின்றதும் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்துமூன்று.

நாற்பத்துமூன்று, அன்பர்களே. நீலசந்திராவிலே ஒரு பெண் குழந்தைக்கு நாற்பத்துமூன்று. நான் பூரித்துப் போனேன். அம்மா இன்னும் வரவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அவர் வரும் பஸ் அன்று பார்த்து வழியில் நின்றுவிட்டது. கேட்க ஆளில்லை, தடுக்க ஆளில்லை. வார்டுக்கு ஓடினேன்.

"யசோதா, பிள்ளைக்கு பீட்ரூட் கொடுத்தியா?"

"நேத்து ஜூஸ் போட்டுக் கொடுத்தேன் மாமா. பாதி வாந்தி எடுத்துட்டா. ஏன்?"

"மீதிப் பாதியே வேலை செஞ்சிருக்கு. ரத்தம் ஏறிடுச்சு. நாப்பத்திமூணு. உனக்கும் எனக்கும் சேர்த்துப் பார்த்தாலும் அவ்வளவு தேறாது."

பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தாள். "அந்த பீட்ரூட் எந்தக் கடையில வாங்கினம்மா?"

யசோதா சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. "ஜுரமும் விட்டுடுச்சு மாமா. தொட்டுப் பாருங்க. இன்னைக்கும் நான் கம்பெனிக்குப் போகலைன்னா சூப்பர்வைசர் என் மெஷின்ல வேற ஆளை உட்கார வெச்சுடுவான். டாக்டர் ரவுண்ட்ஸ் வர பதினோரு மணியாகும். அதுவரைக்கும் இருக்கணுமா?"

"எதுக்கு இருக்கணும்? போ. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

போ என்றது யார்? டாக்டர் சொல்லவில்லை. நர்ஸம்மா சொல்லவில்லை. வேதநாயகி அம்மா அப்போது ஆஸ்பத்திரியிலேயே இல்லை. போ என்றவன் நான். கட்டிலுக்கடியில் இருந்த பையை எடுத்தவன் நான். குழந்தையின் கையைப் பிடித்து வாசல்வரை நடத்தியவன் நான். கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஆம்ப்ரோஸ் மறித்தான். "டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே முனி?" "சீட்டு பின்னால வரும், கேட்டைத் திற. முப்பது வருஷ சர்வீஸ்காரன் வார்த்தை உனக்குப் பத்தாதா?" என்று அதட்டியவனும் நான்தான்.

அந்தக் கை ஜில்லென்று இருந்தது. வேர்த்திருந்தது. "தாத்தா, வயிறு வலிக்குது" என்றாள் ஷோபா. "நாலு நாளாப் பட்டினி கிடந்த வயிறு, வலிக்காம பாடுமா?" என்று கேலி பேசி அனுப்பினேன்.

அம்மா வந்து சேர்ந்தபோது மணி பத்தடிக்கப் பத்து நிமிடம். கைப்பையைக் கூடக் கழற்றவில்லை. ஸ்டாண்டில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்தார். ஒன்றின் முன்னால் நின்றார்.

"முனிகிருஷ்ணா, இது யாரோடது?"

"நம்ம ஷோபா மேடம். ரத்தம் நல்லா ஏறியிருக்கு."

"நேத்து எவ்வளவு?"

"முப்பத்தாறு. முந்தா நாள் முப்பத்திநாலு."

"குழந்தைக்கு ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்ல மேடம்."

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு வாய் கஞ்சி."

"அப்ப இந்த ஏழு கோடு எங்கேயிருந்து வந்தது?"

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "அடுப்புல குழம்பு ரொம்ப நேரம் கொதிச்சா என்ன ஆகும்?"

"சுண்டும். கெட்டியாகும்."

"கெட்டியாயிடுச்சேன்னு குழம்பு கூடிடுச்சுன்னு சொல்வியா?"

சபையோரே, முப்பது வருடம் ரத்தக் குழாய் கழுவிய எனக்கு, அந்த ஒரு கேள்வியில்தான் ரத்தம் என்றால் என்ன என்று புரிந்தது. ரத்தம் ஏறவில்லை. தண்ணீர் இறங்கியிருக்கிறது. நரம்புக்குள் ஓட வேண்டிய நீர் வெளியே கசிந்து, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சமிருப்பது சுண்டிய ரத்தம். "இந்தக் காய்ச்சல்ல ஜுரம் விடற நேரம்தான் ஆபத்து" என்றார் அம்மா. "ஜுரம் கீழே வரும், சிவப்பு மேலே போகும். அப்படியே விட்டா நாடி கிடைக்காது. எந்தக் கட்டில்ல இருக்கா?"

"வீட்டுக்குப் போயிட்டா மேடம்."

"யார் அனுப்பினது?"

"நான்."

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஓடு."

ஐம்பத்தேழு வயதில் ஓடினேன். வாசலில் மைக்கேல்ராஜின் ஆட்டோ. அதோ, பந்தலுக்கு வெளியே சாய்ந்து நிற்கிறானே, அவன்தான். "நீலசந்திராவுக்குப் பறக்கணும்" என்றேன். "பறக்கணும்னா ஏர்போர்ட்டுக்குப் போ பெரிசு, இது மூணு சக்கரம்" என்றான். பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த இரண்டு மைல் போல நீளமான ரோடு என் வாழ்நாளில் இல்லை.

வீட்டிலே போய்ப் பார்த்தால், அது நோயாளி வீடா, விழா வீடா? யசோதா பூ வைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, கம்பெனிக்குக் கிளம்பி நிற்கிறாள். ரவிக்குமார் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பாயைச் சுற்றி உட்கார்ந்து, "பாவம், அஞ்சு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கறா" என்கிறார்கள். தூக்கமா அது? உதடு வெளுத்திருந்தது.

"யசோதா, பிள்ளையைத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பத்தானே மாமா வந்தோம். நீங்கதானே போகச் சொன்னீங்க?"

இங்கேதான், அன்பர்களே, இங்கேதான் என் நாக்கு என்னை ஏமாற்றியது. நான் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை: தப்பு பண்ணிட்டேன் யசோதா. அது வரவில்லை. முப்பது வருட சர்வீஸ், தெருவில் அரை டாக்டர் என்ற பெயர், எல்லாம் சேர்ந்து அந்த மூன்று வார்த்தையை மறித்துக்கொண்டன. அதற்குப் பதில் என்ன வந்தது தெரியுமா?

"ஒரு கையெழுத்து பாக்கி" என்றேன்.

"கையெழுத்துக்கு நான் வரேன்" என்று ரவிக்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். "தூங்கற பிள்ளையை எதுக்கு எழுப்பணும்?"

"பிள்ளையும் இருக்கணும்."

"ஒம்பது வயசுப் பிள்ளை கையெழுத்து எந்த ஆஸ்பத்திரில கேக்கறாங்க? காலையிலேயே எங்கேயாவது போட்டுட்டு வந்துட்டீங்களா?"

எழுத்துத் தெரியாதவன் கையெழுத்தின் மேல் சத்தியம் செய்துகொண்டு நிற்கிறேன். மைக்கேல்ராஜ் உள்ளே வந்தான். "அண்ணே, வழி விடுங்க" என்றான். யாரையும் கேட்காமல் பிள்ளையைப் பாயோடு வாரி எடுத்தான். யசோதா கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்து ஆட்டோவில் ஏறினாள். பாதி வழியில் அவள் சத்தம் நின்றது. பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்தாள். "மாமா, இவ ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட் திறந்திருந்தது. ஆம்ப்ரோஸ் விசில் ஊதி வழி விலக்கினான். படிக்கட்டிலே ஸ்ட்ரெச்சர். ஸ்ட்ரெச்சருக்கு இந்தப் பக்கம் டாக்டரய்யா, அந்தப் பக்கம் வேதநாயகி அம்மா. அம்மா அதற்குள் இன்னொரு கணக்கையும் பார்த்து வைத்திருந்தார். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள், லட்சக் கணக்கில் இருக்க வேண்டியவை, இருபத்திரண்டாயிரம்தான் இருந்தன. சிவப்பு ஏறுகிறது, தட்டணு இறங்குகிறது, ஜுரம் விடுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன அர்த்தம் என்று டாக்டரய்யாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் சீட்டு வார்டில், ஒரு நாள் சீட்டு லேபில், ஒரு நாள் சீட்டு எழுதவே இல்லை. மூன்று நாள் கணக்கும் சேர்ந்து இருந்த இடம் அந்தக் கட்டடத்திலேயே ஒன்றே ஒன்று. இந்த மண்டை. கணக்கு இருந்தது; அர்த்தம் தெரியவில்லை.

நரம்பிலே தண்ணீர் ஏற்றினார்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது, அளந்து அளந்து ஏற்றினார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். மெஷின் சுற்றும். நான் நிற்பேன். முதல் தரம் நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்துநாலு. அதற்கடுத்தது நாற்பத்தொன்று. மறுநாள் மதியம் முப்பத்தைந்து. வாழ்நாளெல்லாம் சிவப்பு ஏற வேண்டும் என்று வேண்டிய நான், அந்த ஒரு நாள், இறங்கு, இறங்கு என்று அந்தக் கண்ணாடியைக் கெஞ்சினேன். சிவப்பு இறங்க இறங்க எங்களுக்கு உயிர் ஏறியது. மாலையில் ஷோபா கண் திறந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "தாத்தா, கையெழுத்துப் போட்டாச்சா?"

கை தட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. கை தட்டும் இடம் இது இல்லை.

பிள்ளை பிழைத்ததும் அப்பனுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம். வார்டு வராண்டாவிலே ரவிக்குமார் நின்று கத்தினான். "சாகக் கிடந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினது யார்? எனக்கு அது தெரியணும்." டாக்டரய்யா, நர்ஸம்மாக்கள், நாற்பது தாய்மார்கள், எல்லோரும் நின்றார்கள். நான் குழாய் ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். யசோதா என்னைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. "மாமா பாவம், லேப்ல சொன்னதை வந்து சொன்னார்" என்றாள். லேபில் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல என் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

வேதநாயகி அம்மா முன்னால் வந்தார். "லேபுக்கு நான் பொறுப்பு. டியூப்பை நேரத்துக்கு நான் பார்க்கலை. தப்பு என்னோடது" என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு மெமோ வந்தது. நான் லேபிலே போய், குழாய்களுக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றேன். அம்மா சொன்னார்: "உண்மையைச் சொன்னா உன்னை இன்னைக்கே வெளியே அனுப்புவாங்க. நேத்து எவ்வளவுன்னு நான் கேட்டப்ப, நீ முப்பத்தாறுன்னு சொன்னியே, அதனாலதான் அந்தப் பிள்ளை இப்ப மூச்சு விடுது. உன்னை அனுப்பிட்டா நாளைக்கு நேத்து எவ்வளவுன்னு நான் யாரைக் கேப்பேன்? ஒண்ணு மட்டும் செய். இனிமே ரத்தம் ஏறினா சந்தோஷப்படாதே. என்கிட்ட வந்து சொல்லு."

அந்த வாரத்திலிருந்து எங்கள் லேபிலே ஒரு புதுப் பழக்கம் வந்தது. காய்ச்சல் பிள்ளையின் நேற்றைய குழாயைக் கழுவக்கூடாது. இன்றைய குழாய் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அது நிற்க வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகுதான் கழுவல். ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரே ஒரு தாள். ஜுரத்துக்கு ஒரு கோடு, சிவப்புக்கு ஒரு கோடு, தட்டணுவுக்கு ஒரு கோடு. எழுத்துத் தெரியாத நான்கூட அந்தத் தாளைப் படித்தேன். இது பெரிய டாக்டர்களின் புத்தகங்களிலே முன்பே இருந்ததாம். இருக்கட்டும். எங்கள் வார்டுக் கட்டில் காலுக்கு வந்து சேர ஷோபாதான் வழிகாட்ட வேண்டியிருந்தது.

பிறகு டாக்டரய்யா ஆராய்ச்சி என்றார். சிவப்பும் தட்டணுவும் மட்டும் போதாது, ஈரலின் கணக்கு, இன்னும் என் வாயில் நுழையாத பெயருள்ள சரக்குகள், இவையெல்லாம் காய்ச்சலின் மூன்றாம் நாளிலேயே ஏதாவது சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றார். தினம் ஒரு சிரிஞ்சு ரத்தம் வேண்டும். நீங்கள் கொடுத்தீர்களா? "ரத்தமே இல்லாத பிள்ளைகிட்ட ரத்தம் கேக்கறியே, நீ மனுஷனா?" என்று கேட்ட தாயை இங்கே பார்க்கிறேன். தலையைக் குனிய வேண்டாம் தாயே, கேட்டது நியாயம். மூன்றாம் நாள் நீங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

ஆனால் ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, தெருமுனையிலே மைக்கேல்ராஜின் ஆட்டோவுக்குள்ளே, மடியிலே ஐஸ் பெட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ரத்தம் கெடாமல் லேபுக்குக் கொண்டுபோக வந்தவர். தெருவுக்குள்ளே வர மாட்டார். "நான் வந்தா கதவைச் சாத்திடுவாங்க முனிகிருஷ்ணா, நீ போ" என்பார். ஏன் சாத்துவீர்கள்? உங்கள் வாயிலே அவருக்கு என்ன பெயர்? "ஷோபாவை அனுப்பி வெச்ச அம்மா." எனக்கு என்ன பெயர்? "ஷோபாவைக் கூட்டிட்டு வந்த தாத்தா." எட்டுப் பொங்கலுக்கும் யசோதா வீட்டுப் பானையில் பொங்கியதில் முதல் கிண்ணம் யார் வீட்டுக்கு வந்தது? என் வீட்டுக்கு. நான் சாப்பிட்டேனா? சாப்பிட்டேன். நாலு மழைக்காலம் அவர் தெருமுனையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஐஸ் பெட்டியில் போன ரத்தம் சொன்னபடி, இருநூற்றுப் பதினேழு பிள்ளைகளில் பத்தொன்பது பேருக்கு நோய் முற்றும் என்று முன்னாலேயே தெரிந்தது. பத்தொன்பது பேரும், விழுவதற்கு முன்பே கட்டிலில் இருந்தார்கள். பத்தொன்பது பேரும் வீடு திரும்பினார்கள். பாதிப் பேர் இந்தப் பந்தலில்தான் நாற்காலியைத் தள்ளி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தட்டுங்கள்.

நன்றி. போதும்.

போன வாரம் இந்த விழா நோட்டீஸ் வந்தது. ஷோபாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். தலைவர் பெயர் படித்தாள். டாக்டரய்யா பெயர் படித்தாள். என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் தாத்தா என்றாள். மன்றத்துச் செயலாளர் முதல் மைக்செட்காரர்வரை படித்து முடித்தாள். "வேதநாயகி அம்மா பெயர் எந்த வரியில் இருக்கு?" என்று கேட்டேன். மேலும் கீழும் தேடினாள். "இல்லையே தாத்தா." யசோதாவைக் கேட்டேன். "அவங்க எதுக்கு மாமா? அன்னைக்கு அனுப்பி வெச்சது அவங்கதானே" என்றாள். யசோதா மேல் குற்றமில்லை. அவளிடம் யார் உண்மை சொன்னார்கள்?

நேரே ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். இந்த மாதத்தோடு அம்மாவுக்கு ரிடையர்மென்ட். விழாவுக்கு வாருங்கள் என்றேன். "அந்தத் தெருவுக்கு நான் எதுக்கு முனிகிருஷ்ணா" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், எனக்குத் தெரிந்த ஒரே பொய்யை மறுபடியும் எடுத்தேன். "ஆராய்ச்சித் தாளிலே உங்கள் கையெழுத்து ஒன்று பாக்கி இருக்கிறதாம் மேடம், டாக்டரய்யா பந்தலுக்கு வரச் சொன்னார்" என்றேன். அதனால்தான் கைப்பையில் பேனாவோடு வந்து, கடைசி வரிசையில் அரை மணி நேரமாகக் காத்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கையெழுத்து எதுவும் பாக்கி இல்லை. பாக்கி இருப்பது என்னுடையது. எட்டு வருடப் பாக்கி. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இந்த மைக்கின் முன்னால் நின்று, இத்தனை பேர் காது கேட்க நான் சொல்வதையே என் கைநாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். யசோதா, கேட்டுக்கொள். ரவிக்குமார், கேட்டுக்கொள். அன்று ஷோபாவை வீட்டுக்கு அனுப்பியவன் நான். வேறு யாரும் இல்லை. அவளைத் திரும்ப வரவழைத்தவர் வேதநாயகி அம்மா. நான் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தவன் மட்டுமே.

யசோதா எழுந்துவிட்டாள். திட்ட வேண்டுமானால் மேலே வா தாயே, மைக் இருக்கிறது, நான் நகர்ந்துகொள்கிறேன். எட்டு வருடக் கிண்ணத்தையும் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். நீ இந்தப் பக்கம் வரவில்லையே. அந்தப் பக்கம் போகிறாய். போ. இந்த முறை போ என்று சொல்வதிலே எனக்குப் பயமில்லை.

ஷோபாவும் போகிறாள். சபையோரே, தயவுசெய்து கொஞ்சம் வழி விடுங்கள், நாற்காலியை ஒதுக்குங்கள். அவர்கள் அங்கே பேசுவது எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியதும் இல்லை. அம்மா பேனாவைக் கைப்பைக்குள் வைக்கிறார், அது தெரிகிறது. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரவிக்குமார் முன் வரிசைக்கு வருகிறான், அதுவும் தெரிகிறது. தம்பி, தலைவர் ஐயாவுக்குப் பக்கத்தில் போடு.

தாய்மார்களே, மழை மறுபடியும் தொடங்கிவிட்டது. முடிப்பதற்கு முன் ஒன்று. பிள்ளைக்கு ஜுரம் விட்டதும் கோயிலுக்குப் போகலாம், சர்ச்சுக்குப் போகலாம், விகாரைக்குப் போகலாம். அதற்கு முன் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால், வயிறு வலி என்றால், சும்மா சும்மா தூங்கினால், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒரு துளி ரத்தம் நாளைய சேதியை இன்றே சொல்லும். "ரத்தம் ஏறிடுச்சு" என்று என்னைப் போல எந்த அரை டாக்டர் வந்து பல்லைக் காட்டினாலும், "நேத்து எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கை நீட்டிய பிள்ளைகளுக்கு நன்றி. கை பிடித்த தாய்மார்களுக்கு நன்றி. கணக்கை அர்த்தமாக்கிய டாக்டரய்யாவுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட தலைவர் ஐயாவுக்கு நன்றி. பழியைத் தான் சுமந்து, வேலையை எனக்கு விட்டுக்கொடுத்த வேதநாயகி அம்மாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. ஆகவே இந்தப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கி வருகிறேன். படி உயரம். யாராவது ஒரு கை கொடுங்கள்.

கொசுக்களைத் தவிர, இங்கே கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.